மனநோயும் நமது கடமையும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக மாணவன் ஒருவன் மேடையேறினால் கல்வியின் பெருமையையோ இளைஞர் ஒற்றுமையையோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிறியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் குரலைத் தாழ்த்திப் பேசப்படும் பொருள் அது. மனநோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எலிக்காய்ச்சல் வந்தவனைப் பற்றி உரக்கப் பேசுகிறோம். அயல் வீட்டாரையும் எச்சரிக்கிறோம். மனம் நோயுற்றவரைப் பற்றியோ, "கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கோபம் வந்தால் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்" என்று ஏசுகிறோம். ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையே வசைமொழியாக்கி வைத்துவிட்டு, நோயாளி தானாகத் துணிந்து வைத்தியரிடம் போகவில்லையே என்று குறைப்படுவது முறையாகுமா?

திருவள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு உரியவர்களையும் உரியதையும் நான்காக எண்ணுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று பணிவிடை செய்பவர் என்பன அவை. கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் மனநோய் பற்றி நடந்த ஆராய்ச்சிகளைப் படிக்குந்தோறும் இந்த நான்கும் என் நினைவுக்கு வந்தன. நோயாளியின் பேச்சு சரியாகக் கேட்கப்படாவிட்டால் நோய் இன்னதென்று தெரியாது. பக்கத்தில் நிற்பவர் இல்லாவிட்டால் மருந்தின் பயன் நிலைக்காது. மருத்துவரும் மருந்தும் நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. இதனைச் சொல்லவே வந்தேன்.

நோயை அறிதல்

எலிக்காய்ச்சல் என்று ஐயம் எழுந்தால் வைத்தியர் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். மனச்சிதைவு, மனச்சோர்வு போன்ற நோய்களை உறுதிசெய்ய அத்தகைய இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. மனநோயாளியின் இரத்தத்தையும் சோதிப்பதுண்டு. அது தைரொயிட் கோளாறு போன்ற உடல்நோய் ஏதேனும் மனநோயின் வேடத்தில் வந்துள்ளதா என்று பார்ப்பதற்காகும். மற்றப்படி வைத்தியருக்குள்ள வழி மூன்று: நோயாளி சொல்வதைக் கேட்பது, அவர் நடத்தையைக் கவனிப்பது, வீட்டார் சொல்வதைக் கேட்பது.

அப்படியானால் ஆளுக்கு ஆள் முடிவு மாறாதா என்று நீங்கள் கேட்கலாம். மாறத்தான் செய்தது. 1960களில் நியூயோர்க் மனநோய் ஆஸ்பத்திரிகளில் மனச்சிதைவு நோயாளர் என்று பதியப்பட்டோர் விகிதம் இலண்டனில் இருந்ததைவிட மிக அதிகம். காரணத்தை அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர், ஒரே கேள்வித் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு இரு நகரத்து நோயாளரையும் ஒரே முறையில் பரிசோதித்தனர். 1972இல் முடிவு வெளியாயிற்று. வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது! நோயாளர் இரு நகரத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவரே. நோய்க்குப் பெயர் சூட்டுவதில் வைத்தியர்களின் வழக்கமே வேறுபட்டிருந்தது. கேட்கும் கேள்வியும் கேட்கும் முறையும் ஒழுங்காக அமைந்தால், பேச்சைக் கொண்டே நோயை நம்பிக்கையோடு அறியலாம் என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது.

அதே காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியை நடத்தியது. இந்தியாவில் ஆக்ரா, நைஜீரியாவில் இபதான், கொலம்பியாவில் காலி, ஐரோப்பாவில் இலண்டன், மொஸ்கோ முதலிய நகரங்கள் அதில் பங்குகொண்டன. கேள்விகள் அந்தந்த நாட்டு மொழியில் பெயர்க்கப்பட்டன. பெயர்த்ததை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பொருள் திரிந்துள்ளதா என்றும் பார்த்தனர். மனச்சிதைவு நோய் ஒன்பது நாடுகளிலும் காணப்பட்டது. அது ஒரு சாதியின் குறையுமன்று, ஒரு குடும்பத்தின் சாபமுமன்று, லயத்தில் வாழ்வோருக்கே உரியதுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது ஆக்ராவிலும் இபதானிலும் இருந்த நோயாளர், செல்வம் மிக்க நாடுகளில் இருந்தோரைவிட நன்றாகத் தேறியிருந்தனர். இலங்கையில் முதன்முறையாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 44 மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டின் பின் தேடிச் சென்று பார்த்த நான்சி வக்ஸ்லர் என்னும் அம்மையார், ஏறத்தாழப் பாதிப்பேர் நல்ல நிலையில் வாழ்வதை 1979இல் எழுதினார். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் 90 நோயாளரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி இருபத்தைந்து ஆண்டுவரை அவர்களைப் பின்தொடர்ந்தது. அங்கும் பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் தேறியிருந்தனர். ஏழை நாடுகளின் நிலைமை இவ்வளவு நல்லதன்று என்று பின்வந்தோர் சிலர் மறுத்தனர். அந்த வாதம் முடிந்தபாடில்லை. ஆயினும் ஒன்று துணிந்து சொல்லலாம். "ஒருமுறை பைத்தியமென்றால் ஆயுளுக்கும் பைத்தியம்" என்று நம் லயங்களில் சொல்லப்படும் தீர்ப்புக்கு ஆதாரமில்லை.

எந்த மொழியில் கேட்பது?

நோயை அறியும் கருவி பேச்சு என்றேன். இனி நம் தோட்டத்துக்கு வருவோம்.

1980இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தியா உட்பட நான்கு நாடுகளில் சாதாரண மருந்தகங்களுக்கு வரும் நோயாளரைப் பரிசோதித்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு மனநோய் இருந்தது. ஆனால் அங்குள்ள சுகாதார ஊழியர் கண்டுகொண்டதோ அவர்களில் மூன்றிலொரு பங்கினரை மாத்திரமே. ஏனென்றால் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலையிடி, உடல்வலி, சோர்வு என்று உடம்பின் வேதனையையே சொன்னார்கள்.

நாள் முழுவதும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு மருந்தகத்துக்கு வரும் ஒரு தாய் என்ன சொல்வார்? "எனக்கு மனச்சோர்வு" என்பாரா? அது புத்தகத் தமிழ். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க ஐயா, கையி காலு ஓயுது, ராவுல கண்ணு மூட மாட்டேங்குது" என்பார். கேட்பவர் உடம்பை மட்டும் பார்த்தால் பனடோலும் சத்துக் குளிசையும் கிடைக்கும். அவர் மறுவாரமும் வருவார். அதே குளிசையோடு திரும்புவார்.

நோய் முற்றியபின் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கொண்டு போகிறோம். அங்குள்ள வைத்தியர் நல்லவராகவும் வல்லவராகவும் இருக்கலாம்; ஆனால் பெரும்பாலும் அவர் தாய்மொழி சிங்களம். தாய்க்குத் தெரிந்ததோ தோட்டத்துத் தமிழ். இடையில் நின்று மொழிபெயர்ப்பது யார்? கூடவந்த பள்ளிக்கூடப் பிள்ளை! "செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா?" என்பது வைத்தியர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தன் தாயிடம் எப்படிக் கேட்கும்? கேட்டாலும், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தாய் என்ன விடை சொல்வார்? "இல்லை" என்று தலையசைப்பார். வைத்தியர் அப்படியே எழுதிக்கொள்வார். அவர் மேல் குற்றமில்லை; கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது.

பெரியோர்களே, துருப்பிடித்த ஊசியால் இரத்தம் எடுக்க நாம் சம்மதிப்போமா? மாட்டோம். மனநோய்ப் பரிசோதனைக்கு மொழியே ஊசி. அதைமட்டும் எப்படியிருந்தாலும் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பிள்ளைபெற்ற தாய்மாருக்கு வரும் மனச்சோர்வை அறிய 1987இல் எடின்பரோவின் பெயரால் பத்துக் கேள்விகள் அமைந்த ஒரு பட்டியல் வெளியிடப்பட்டது. அது தமிழிலும் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டு, சோதிக்கப்பட்டுள்ளது. ஆனால் சென்னைத் தமிழிலோ யாழ்ப்பாணத் தமிழிலோ உள்ள சொல் நம் லயத்துத் தாய்க்கு அப்படியே விளங்குமென்று எண்ணலாகாது. விளங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல நம்மைவிடத் தகுந்தவர் யார்?

மருந்தைச் சோதித்தல்

நம் முன்னோருக்கு மனநோய் மருந்து தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். சர்ப்பகந்தி என்ற வேரைச் சித்தம் கலங்கியோருக்கு நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். சிங்கள மக்கள் அதனை ஏகவேரிய என்பர். 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இரு வைத்தியர்கள், இவ்வேர் மனக்கலக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவுவதாக எழுதினர். 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பைன் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு மேனாட்டு ஆஸ்பத்திரிகளில் புகழ்பெற்றது. பின்னர் அதன் பக்கவிளைவுகள் தெரியவரவும், அதைவிடச் சிறந்த மருந்துகள் கிடைக்கவும், மனநோய்க்கு அதை வழங்குவது குறைந்தது. பழையது என்பதற்காக எதையும் தள்ள வேண்டியதில்லை. பழையது என்பதற்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

எட்டாண்டு காலத்துக்குள் வந்த மூன்று மருந்துகள் மனநோய் மருத்துவத்தையே மாற்றிவிட்டன. 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்பவர், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயின் எழுச்சி நிலைக்கு லித்தியம் உப்பு பயன்படுவதைக் கண்டார். 1952இல் பரிஸ் நகரில் டெலே, டெனிக்கர் என்போர் மனச்சிதைவு நோயாளருக்குக் குளோர்புரோமசின் கொடுத்துப் பலன் கண்டனர். 1957இல் சுவிற்சர்லாந்தின் ரோலண்ட் கூன், மனச்சோர்வுக்கு இமிப்பிரமின் உதவுவதை அறிவித்தார்.

தோல்வியுற்ற சிகிச்சைகளும் உண்டு. அவை போதிப்பது இன்னும் அதிகம். 1933இல் வியன்னாவில் சாக்கல் என்பவர் நோயாளரை இன்சுலின் ஊசியால் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி எழுப்பும் சிகிச்சையை அறிவித்தார். உலகெங்கும் இருபது ஆண்டுக்கு மேலாக அது நடந்தது. "குணமாகிறார்கள், கண்ணால் கண்டோம்" என்றனர் வைத்தியர்கள். 1957இல் இலண்டனில் நோயாளரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இன்சுலின் மயக்கமும் மற்றவருக்கு வேறு மருந்தால் உறக்கமும் தந்தனர். கவனிப்பு இருவருக்கும் ஒன்றே. முடிவில் இரு பிரிவினருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. இன்சுலினுக்கு என்று தனிப்பலன் இருக்கவில்லை. அப்படியானால் தேறியவர்கள் எதனால் தேறினர்? நாள்தோறும் கூடவே இருந்த தாதியரின் அக்கறையும் நம்பிக்கையுமே பெரும் காரணம் என்று பலர் கருதினர். இதை நினைவில் வைத்திருங்கள். சற்றுப் பின் மீண்டும் வருவேன்.

நம் நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்வேன். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் தன்னுயிர் மாய்த்துக்கொண்டோர் தொகை இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. பயிருக்கு அடிக்கும் மருந்துகளைப் பெட்டியில் பூட்டி வைத்தால் உயிர்ச்சேதம் குறையுமென்பது யாருக்கும் சரியாகவே படும். அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி வழங்கிச் சோதித்தனர். 2017இல் வெளியான முடிவு, பெட்டியால் பயன் காணப்படவில்லை என்பதே. மாறாக, கொடிய நச்சு மருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததன் பின் நாட்டின் விகிதம் இரு பத்தாண்டுகளில் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு. தொண்டு செய்யப் புறப்படும் மன்றத்தார் நாமும் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்

இனி வள்ளுவர் எண்ணிய நான்காமவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஜோர்ஜ் பிரவுன் என்பவரும் அவர் தோழரும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளரை ஒன்பது மாதம் கவனித்து 1972இல் முடிவை எழுதினர். குறை கூறலும் கடுமொழியும், அளவுமீறிய பதற்றமும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் மீண்டது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 16 பேருக்கே மீண்டது. பின்னர் சண்டிகாரில் இதே முறையில் பார்த்தபோது, நம்மவர் குடும்பங்களில் அத்தகைய கடுமை குறைவாகவே இருந்தது. அந்தப் பொறுமை நம்மிடம் உள்ள செல்வம். "வேலைக்குப் போகாமல் தின்றுவிட்டுக் கிடக்கிறான்" என்று நாள்தோறும் கரித்துக்கொட்டும் வாய் அந்தச் செல்வத்தை அழிக்கிறது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் டொக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்குவது வழக்கமாயிற்று. நோயாளியைத் தனியே அடைத்து வைப்பதே உலக வழக்கமாயிருந்த காலம் அது.

நம் கோவில்களைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. தமிழ்நாட்டில் மனநோயாளர் வந்து தங்கும் ஒரு கோவிலில், பெங்களூரைச் சேர்ந்த டொக்டர் ரகுராம் முதலியோர் 31 பேரை வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தனர். 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அது வெளிவந்தது. சராசரியாக ஆறு கிழமை தங்கியதில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. அங்கே பேயோட்டலும் இல்லை, அடியும் இல்லை. கோவிற் பணி, வழிபாடு, ஆதரவான சூழல், கூடவே ஓர் உறவினர், இவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு இல்லாத சிறிய ஆராய்ச்சி இது. மருந்து வேண்டாமென்று இதைக்கொண்டு வாதிக்க முடியாது. இன்சுலின் மயக்கத்தின் கதையோடு இதனைச் சேர்த்துப் பாருங்கள். அன்போடு கூட இருத்தலுக்கு ஒரு வலிமை இருக்கிறது என்பது இரண்டிலும் தெரிகிறது.

அன்பில்லாத இடத்தில் நடப்பதையும் மறைக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். கட்டி வைப்பது காப்பாகாது.

நான் படித்தது மிஷன் பாடசாலையில். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்களின் கதையையும், நின்று காயம் கட்டிய சமாரியனின் கதையையும் அங்கே கேட்டேன். சூலை நோயால் துடித்து வந்த தம்பி நாவுக்கரசரைத் திலகவதியார் ஏற்றுக்கொண்ட வரலாற்றை நம் கோவிலில் கேட்டேன். இரண்டிலும் நான் கண்டது ஒருவரையே. பக்கத்தில் நிற்பவர் அவர்.

அவருக்குப் பட்டமும் வேண்டியதில்லை. கோவா மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவம் படியாத சாதாரண மக்களுக்குப் பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வுற்றோருடன் ஆறு முதல் எட்டு முறை முறையாகப் பேசச் செய்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 39 பேர் மூன்று மாதத்தில் தேறினர். இந்தப் பேச்சுத் துணையையும் பெற்றோரில் 64 பேர் தேறினர். இதுவும் சீட்டுக் குலுக்கிய முறையில் சோதித்து அறிந்ததே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வசைமொழியை விடுவோம். அங்கொடை என்ற பெயரை ஏச்சுக்கு எடுப்பதில்லை என்று இம்மன்றத்தார் உறுதிகொண்டால் அதுவே ஒரு தொண்டு.

இரண்டாவது, மொழித்துணை. நம்முள் இரு மொழியும் நன்கறிந்த வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டதை வெளியே சொல்லாத மன உறுதியும், சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் பெயர்க்கும் பழக்கமும் உள்ள ஆண்கள் சிலர், பெண்கள் சிலர் முன்வர வேண்டும். இதற்கு வேண்டிய பயிற்சியைத் தருமாறு மாவட்ட ஆஸ்பத்திரி மனநல வைத்தியர்களை மன்றம் கேட்கட்டும். பள்ளிப்பிள்ளை மொழிபெயர்க்கும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்றாவது, மருந்து நிற்காமல் பார்த்தல். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். பஸ் காசும் வேண்டும். அதனால் இரண்டு மாதத்தில் மருந்து நின்றுவிடுகிறது, நோய் திரும்புகிறது. "மருந்தால் பயனில்லை" என்று ஊர் சொல்கிறது. போக வர ஒருவர் துணையும், பஸ் காசுக்கு ஒரு சிறு நிதியும் போதும்.

பெரியோர்கள் மனத்தில் இருக்கும் கேள்வியை நான் அறிவேன். "வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" அந்த அச்சம் வீணானதன்று; நம் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மனச்சிதைவில் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளத் தேறுவது கடினமாகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் தெளிந்த உண்மை. மறைப்பதால் நோய் வளர்கிறது. வளர்ந்த நோயை எவராலும் மறைக்க முடியாது. கோடாங்கி பார்ப்பதையும் கயிறு கட்டுவதையும் விடமுடியாதவர்களோடு நான் வாதாட வரவில்லை. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்கும் வாருங்கள். அதற்காக ஒரு கிழமையையும் கடத்தாதீர்கள்.

இந்தக் கூட்டத்திலேயே யாருக்காவது வாழ்வு பாரமாகத் தோன்றினால், 1926 என்ற எண்ணுக்குப் பேசலாம்; அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. அதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரே, சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். நோயறிதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.